முதல் வேட்டைக்கு முன்

அன்புள்ள மருமகனுக்கு,

இந்த நவம்பரில் உன்னையும் மான் வேட்டைக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டிருந்தாய். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சரியென்று சொல்லும் முன் சில விஷயங்களை எழுதியே அனுப்புகிறேன். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும்.

முதலில் உன் அம்மாவுக்குப் பதில். "நம்ம ஊர்ல மானைக் கொன்னா ஜெயிலு. அங்க போய் இவன் ஏன் சுடணும்?" என்று அக்கா என்னிடம் கேட்டது நியாயமான கேள்வி. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் மான் வேட்டையைத் தடுக்கிறது. நம் ஊர்க் காடுகளில் புலியும் செந்நாயும் மானை நம்பி வாழ்கின்றன. அங்கே தடை இருப்பதே சரி. அமெரிக்காவின் கதை வேறு. தோலுக்கும் இறைச்சிக்கும் கண்டபடி சுட்டுத் தள்ளியதில், 1900 வாக்கில் நாடு முழுவதற்கும் வெள்ளைவால் மான் சுமார் 5 லட்சம்தான் மிஞ்சியது. பிறகு வந்த கட்டுப்பாடுகளும், துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியை 1937 முதல் காட்டுயிர்களுக்கே செலவிட்டதும் அதை மீட்டன. இன்று சுமார் 3 கோடி. ஓநாய் அழிக்கப்பட்ட இடங்களில் மான் அளவுமீறிப் பெருகி, இளஞ்செடிகளையெல்லாம் மேய்ந்து காட்டைத் தலையெடுக்க விடாமல் செய்கிறது. நம் விஸ்கான்சினில் வாழ்ந்த காட்டுயிர் அறிஞர் ஆல்டோ லியோபோல்டின் நூல் 1949-லேயே இதைச் சொல்லிவிட்டது. அம்மாவிடம் இதை நீயே பொறுமையாக எடுத்துச் சொல்.

ஆக, இங்கே மான் வேட்டைக்கு இடமுண்டு. அதில் இறங்க உனக்குத் தகுதி வருவது வேறு விஷயம். நான் கேட்பது ஒன்றே: முடித்துவைக்க முடியாத வேலையைத் தொடங்காதே. விசையை இழுக்க ஒரு நொடி போதும். அதன்பின் அந்த மானைத் தேடுவது, கண்டுபிடிப்பது, சுத்தம் செய்வது, வீணாக்காமல் தின்பது எல்லாம் உன் கடன். அந்தக் கடனை அடைக்க முடியாதென்று தோன்றினால் சுடாதே.

எப்போது சுடலாம் என்பதை இதிலிருந்தே நீ தெரிந்துகொள்ளலாம். மான் பக்கவாட்டில், அசையாமல் நிற்க வேண்டும். முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு: நுரையீரலும் இதயமும் அங்கேதான். ஓடும் மானைச் சுடாதே, தலையைக் குறிவைக்காதே. மேட்டு விளிம்பில் வானம் மட்டும் பின்னணியாக நிற்கும் மானை விட்டுவிடு. தப்பிய குண்டு மைல் கணக்கில் போகும், அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. சுட அனுமதித்த நேரம் மிச்சமிருந்தாலும், தடம் தேட வெளிச்சம் போதாது என்றால் துப்பாக்கியை இறக்கிவிடு.

சுட்டதும் ஓடிப்போய்ப் பார்க்கத் துடிப்பாய். உட்கார். மான் நின்ற இடத்தையும் போன திசையையும் மனதில் குறித்துக்கொண்டு அரைமணி நேரம் காத்திரு. அடிபட்ட மானை விரட்டாவிட்டால் பக்கத்திலேயே படுத்துவிடும். விரட்டினால் வலியோடு வெகுதூரம் போகும். ரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, மான் தூரத்தில் இராது. பச்சை நிறமும் நாற்றமும் கலந்திருந்தால் குடலில் பட்டிருக்கிறது. பல மணி நேரம் பொறுத்துத்தான் பின்தொடர வேண்டும். ஒவ்வொரு துளிக்கும் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டே போ. எவ்வளவு நேரமானாலும் நான் கூட இருப்பேன்.

கிடைத்ததும் தாமதிக்காமல் குடலை எடுக்க வேண்டும். கத்தி குடலைக் கிழித்தால் கறி கெடும். அந்த வேலை உன் கையால்தான் நடக்கும். நான் சொல்லித்தருவேன், செய்து தரமாட்டேன். மறுநாள் மாலை 5 மணிக்குள் மானைப் பதிவு செய்வது சட்டம். இன்னொன்று: மான்களை அரித்துக் கொல்லும் மூளை நோய் ஒன்று 2002-ல் இந்த மாநிலத்தில் கண்டறியப்பட்டது, நாம் போகும் மேடிசன் பக்கமும் இருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை. ஆனாலும் நோய் உறுதியான மானைத் தின்னக் கூடாது என்பதே மருத்துவ அறிவுரை. தலையைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகே சமையல்.

உன் உயிரும் முக்கியம். எந்தத் துப்பாக்கியும் குண்டு ஏற்றியது என்றே நினை. சுடும் கணம்வரை விசையில் விரல் படக் கூடாது. பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடையைக் காட்டில் கழற்றாதே. மரத்தில் கட்டிய வேட்டைப் பரணில் ஏறும்போதே உடம்பில் பாதுகாப்பு வார் கட்டியிருக்க வேண்டும். பரணிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் இங்கே நிறையப் பேர்.

நீ மாணவர் விசாவில் இருக்கிறாய். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் உன் விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் எடுப்பதே மத்திய அரசின் சட்டப்படி குற்றம். அதனால் உரிமம் வரும்வரை என் துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காதே. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் இப்போதே சேர். 1973-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு அது கட்டாயம். அனுபவசாலி ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் வகுப்பில்லாமலும் போகச் சட்டம் இடம் தருகிறது. நான் இடம் தரமாட்டேன்.

கடைசியாக ஒன்று. மான் எதிரே வந்து நிற்கும்போது உனக்கு மனம் வராமல் போகலாம். தயங்காமல் விட்டுவிடு, நான் ஏன் என்று கேட்கமாட்டேன். நன்றிநவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை துப்பாக்கி வேட்டைப் பருவம் தொடங்குகிறது. வகுப்பை முடித்து, உரிமம் வாங்கி, அம்மாவிடமும் பேசிவிட்டு எனக்குப் போன் செய். அப்போது நாள் குறிப்போம்.

அன்புடன்,
மாமா