பழைய புகைப்படமும் சிறுபராய நினைவும்: மூலாதாரங்களைப் பரிசீலித்தல்



மூலாதாரங்கள் பற்றிய வினாவுக்குக் கல்வெட்டு, நாணயம், நூல் என எழுதிவிட்டுப் பலர் நிறுத்திவிடுகின்றனர். அண்மைக்கால வரலாற்றுக்குப் புகைப்படங்களும் மனிதரின் நினைவுகளும் கூட மூலாதாரங்களாகும். ஸ்கொட்லாந்தின் ஒரு நகரத்தையும் ஒரு கிராமத்தையும் கொண்டு இதனை விளங்கிக் கொள்வோம்.

1. நகரம்: கிளாஸ்கோ

கைத்தொழில் வளர்ச்சியினால் கிளாஸ்கோ நகரில் சனநெருக்கடி அதிகரித்தது. பழைய நகரின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் ஏழைத் தொழிலாளர் நெருக்கமாக வாழ்ந்தனர். 1866ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இப்பகுதிகளை இடித்துச் சீரமைக்கத் தீர்மானிக்கப்பட்டது. இடிப்பதற்கு முன்னர் அவற்றைத் தோமஸ் அனன் என்பவர் 1868 - 1871 காலப்பகுதியில் படம்பிடித்தார். அப்படங்களில் கவனிக்க வேண்டியவை:

அ) உயர்ந்த சுவர்கள், ஒடுங்கிய பாதை, மேலே உலரும் துணிகள் என்பன வாழ்க்கை நிலையைக் காட்டுகின்றன.

ஆ) சில உருவங்கள் மங்கலாக உள்ளன. அன்றைய கண்ணாடித் தகட்டில் படம் பதிய நேரமெடுத்தது. அசைந்தவர்கள் மங்கினர், நடந்து சென்றவர்கள் பதியாமலே போயினர். ஆகவே, ஒழுங்கை வெறுமையாகத் தெரிவதைக் கொண்டு அங்கு சனம் குறைவு என முடிவு செய்வது தவறு.

இ) படம் எடுப்பித்தவர்கள் அவ்விடத்தை இடிக்க இருந்தவர்கள். அங்கு வாழ்ந்த பிள்ளை தன் ஒழுங்கையைப் பற்றி என்ன நினைத்தது என்பதைப் படம் கூறாது.

2. கிராமம்: சென் கில்டா

இது அத்திலாந்திக் சமுத்திரத்தில் உள்ள தனித்த தீவுக்கூட்டம். மக்கள் கடற்பறவைகளைப் பிடித்தும் ஆடு வளர்த்தும் வாழ்ந்தனர். 1930 ஓகஸ்ட் 29இல் எஞ்சியிருந்த 36 பேரும் தமது வேண்டுகோளின்படியே அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர்.

அவர்களுள் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். அவ்வாண்டின் முற்பகுதியில் வைத்தியசாலைக்குச் செல்லப் படகேறிய தாய் தனக்குச் சால்வையை அசைத்ததை அவர் முதுமையிலும் நினைவுகூர்ந்தார். தாய் திரும்பி வரவில்லை. குடல்வளரி நோயால் இறந்தார் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1991இல் மகன் மரணச் சான்றிதழைப் பெற்றபோதுதான், தாய் ஒரு பெண்குழந்தையைப் பெற்ற பின் இறந்ததும் அக்குழந்தையும் இறந்ததும் தெரியவந்தன. தமக்கு ஒரு தங்கை பிறந்ததை அவர் அறுபது வயதைக் கடந்த பின்னரே அறிந்தார்.

இங்கு அவரது நினைவு பிழையானதல்ல. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காரணம் தெரிந்திருக்க முடியாது. காரணத்தை ஆவணம் தந்தது. பிரிவின் துயரத்தையோ நினைவு மட்டுமே தந்தது.

நினைவிற் கொள்க

* புகைப்படம்: எடுத்தவர் யார், எப்போது, யாருக்காக, எதற்காக எனக் கேட்க வேண்டும்.
* நினைவு: சொல்பவரின் அன்றைய வயது, அவர் நேரில் கண்டது எது, கேள்விப்பட்டது எது எனப் பிரித்தறிய வேண்டும்.
* ஒரு மூலாதாரத்தை மற்றொன்றுடன் ஒப்பிட்ட பின்னரே முடிவுக்கு வர வேண்டும்.

மாதிரி வினா

"புகைப்படம் பொய் சொல்லாது." இக்கூற்றை இரு உதாரணங்கள் தந்து ஆராய்க.

குறிப்பு: "ஆம்", "இல்லை" என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடைக்காது, காரணம் காட்டுக.

பயிற்சி

உங்கள் வீட்டிலுள்ள பழைய படமொன்றை எடுத்து, அதிலுள்ளவர்கள் யார், எங்கே, எப்போது எனப் பெரியவர்களிடம் கேட்டுப் பின்புறத்தில் எழுதுங்கள். பரீட்சை முடியும்வரை பிற்போட வேண்டாம். சொல்லக் கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.