மிருகத்தனம்: ஒரு சொல்லின் வரலாறு

குண்டலுபேட்டையிலிருந்து ஊட்டிக்குச் செல்லும் சாலை பந்திப்பூர்க் காட்டின் ஊடே போகிறது. பகலில் அவ்வழியே பேருந்தில் செல்வோர், புள்ளிமான்கள் கூட்டமாய் மேய்வதைக் காணலாம். அந்த மானுக்கும், நாளிதழில் நாம் படிக்கும் 'மிருகத்தனமான தாக்குதல்' என்னும் தொடருக்கும் உறவு உண்டு.

மிருகம் என்பது வடசொல். இருக்கு வேதத்தில் அது காட்டு விலங்கு எதனையும் குறித்தது. யானையை அந்நூல் 'கையுடைய மிருகம்' என்னும் பொருள்படச் சுட்டுகிறது. தமிழிலும் யானைக்குக் 'கைம்மா' என்று ஒரு பெயர் உண்டு. மா என்றால் விலங்கு. பின்னர் மிருகம் என்னும் சொல் வடமொழியில் மானைச் சிறப்பாகக் குறிக்கலாயிற்று. மிருகசீரிடம் என்னும் விண்மீனின் பெயருக்கு மான்தலை என்பதே பொருள். ஆங்கிலத்தில் மானைக் குறிக்கும் 'டியர்' என்னும் சொல்லும் முற்காலத்தில் விலங்குகளுக்குப் பொதுப்பெயராக இருந்ததே.

கன்னடம் அறிந்த உங்களுக்கு இச்சொல் புதிதன்று. மைசூரில் 1892ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற விலங்குக் காட்சிச்சாலையைக் கன்னடத்தார் 'மிருகாலய' என்பர். கொடுஞ்செயலை 'மிருகீய' என்பர். தமிழில் 'தனம்' என்னும் ஈறு சேர்ந்து மிருகத்தனம் ஆயிற்று. இவ்வீறு கன்னடத்திலும் உண்டு. ஆயினும் பொருளில் கவனம் வேண்டும்: கன்னடத்தில் 'கள்ளதன' என்பது திருட்டு, தமிழில் கள்ளத்தனம் பெரும்பாலும் சூதையே குறிக்கும்.

இனி, விலங்கு என்னும் தமிழ்ச்சொல்லைக் காண்போம். விலங்குதல் என்றால் குறுக்காதல். மனிதர் நிமிர்ந்து நடக்கின்றனர். விலங்கின் உடலோ நிலத்திற்குக் கிடையாக அமைந்துள்ளது. பெயர் வடிவத்தைச் சொல்கிறதே தவிர, பழி எதனையும் சொல்லவில்லை. தொல்காப்பிய மரபியல், விலங்குகளுக்கு ஐந்தறிவு என்றும் மக்களுக்கு மனம் சேர்ந்து ஆறறிவு என்றும் வகுக்கிறது. மன அறிவு வளராத மனிதர் 'மாக்கள்' எனப்பட்டனர். மக்களுக்கும் மாக்களுக்கும் இடையே ஓர் எழுத்தின் நெடில்தான் வேறுபாடு! திருக்குறளும் கல்லாதவரையே விலங்கோடு ஒப்பிடுகிறது. இவ்விடங்களில் குறையாகச் சொல்லப்படுவது அறியாமை, கொடுமை அன்று.

அவ்வாறாயின் கொடுமைக்கு விலங்கின் பெயரை இடுவது முறையா? புலி பசிக்காகக் கொல்கிறது; யானை தன் கன்றைக் காக்கச் சீறுகிறது. எளியவரைக் கட்டிவைத்து அடிப்பது எந்த விலங்கின் செயலும் அன்று. பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக வாகனங்கள் செல்லக்கூடாது என்னும் தடை 2009இல் வந்தது. அது வாகனங்களிடமிருந்து விலங்குகளைக் காக்க வந்த தடை. மிருகத்தனம் வழக்கில் வேரூன்றிய சொல்; அதனை விலக்க இயலாது. எனினும் நீங்கள் எழுதும்போது 'ஈவிரக்கமின்றி' என்றும் எழுதலாம்.

பயிற்சி

1. 'தனம்' என்னும் ஈறு பெற்ற தமிழ்ச்சொற்கள் மூன்றும் கன்னடச்சொற்கள் மூன்றும் எழுதுக.

2. மக்கள், மாக்கள் ஆகிய சொற்களைத் தனித்தனித் தொடரில் அமைக்க.

3. "அவர்கள் அவனை மிருகத்தனமாகத் தாக்கினர்." இத்தொடரை விலங்கின் பெயரின்றி மாற்றி எழுதுக.