நைட்ரஸ்: வெட்டா, டிரையா?

கேள்வி: ஐயா, கார்புரேட்டர் உள்ள என் யமஹா 135எல்சி மோட்டாருக்கு நைட்ரஸ் பூட்ட ஆசை. வெட் முறை நல்லதா, டிரை முறையா?
– வாசகர், தானா ராத்தா

பதில்: உங்கள் வண்டிக்கு வெட் முறைதான். நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருள் அல்ல. எஞ்சின் சூட்டில் பிரிந்து ஆக்சிஜன் தரும் வாயு. அதன் எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன், காற்றிலோ 23தான். அதற்கு ஈடாகப் பெட்ரோல் சேராவிட்டால் சூடு எகிறி பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். டிரை முறை வாயுவை மட்டும் விடுகிறது. பெட்ரோலைக் கூட்டுவது இன்ஜெக்டரின் பொறுப்பு. கார்புரேட்டரால் அது ஆகாது. வெட் முறையில் இரண்டும் ஒரே நாசிலில் சேர்ந்து வருகின்றன.

வெட் முறையில் பெட்ரோல், காற்று உள்ளிழுக்கும் குழாயில் தேங்கி வெடிக்கும் என்பார்கள். நீண்ட மேனிஃபோல்டு உள்ள கார்களில் அந்த ஆபத்து உண்மை. ஒற்றை சிலிண்டரின் குட்டைக் குழாயில், முழு திராட்டலில் மட்டும் திறந்தால், மிகக் குறைவு. எனக்குப் பெரிய கவலை பெட்ரோல் ஜெட்தான்: குண்டூசி முனையளவுத் துளை, ஒரு தூசி போதும் அடைக்க. ஃபில்டர் கட்டாயம்.

இன்னொன்று உங்கள் ஊர்க் குளிர். வாயுப் புட்டியின் அழுத்தம் 20 டிகிரியில் சுமார் 50 பார், 30 டிகிரியில் 63 பார். தானா ராத்தாவில் சரிபார்த்த ஜெட்கள், மலைக்குக் கீழே தாப்பா வெயிலில் வாயுவைக் கூடுதலாகவும் பெட்ரோலைப் பழைய அளவிலும் விடும். ஆகவே ஓட்டும் இடத்திலேயே அளவு பாருங்கள். அந்த இடம் பந்தயத் தளமாக மட்டுமே இருக்கட்டும். தாப்பா சாலை வளைவுகளில் நைட்ரஸ் பொத்தானைத் தொடாதீர்கள், தம்பி.