பத்துமலைக்கு வாடகைக் கார்ல போறீங்களா? பாலம் தாண்டும் முன் ஒரு பாடம்



தை மாசம் நெருங்கினா நம்ம குரூப்ல இந்தக் கேள்வி தவறாம வந்துடும். "அண்ணா, அம்மா அப்பா திருச்சியிலேர்ந்து சிங்கப்பூர் வர்றாங்க. வாடகைக் கார் எடுத்து அப்படியே பத்துமலை போயிட்டு வந்துடலாமா?" சிங்கப்பூர்ல வேலை பாக்கிற கும்பகோணத்துக்காரன்ங்கிறதால என்கிட்டதான் கேக்கறாங்க. போலாம். ஆனா வண்டி எடுக்கும் முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

டெல்டாக்காரங்களுக்குப் பத்துமலை அந்நிய இடம் இல்ல. 2006-ல திறந்த அந்த 140 அடி முருகன் சிலையைச் செஞ்சவர் திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதி. நம்ம சுவாமிமலையில 60 படி, அங்க 272.

நம்ம ஊர்ல வண்டியோட நாடு தாண்டற பழக்கமே கிடையாது. கோடியக்கரை தாண்டினா கடல்தானே! அதனால ஆளுக்குப் பாஸ்போர்ட் இருந்தா போதும்னு நினைச்சுடறோம். காருக்கும் தனியா அனுமதி வேணும். முருகன் உலகத்தைச் சுத்தினது சொந்த மயில்ல. நம்மளுது வாடகை மயில், அதோட சொந்தக்காரர் சம்மதிக்கணும்.

புக் பண்ணும்போதே மலேசியா போறோம்னு சொல்லிடுங்க. சில கம்பெனி விடவே மாட்டாங்க, சிலர் கூடுதலா பணம் வாங்கிட்டு அனுமதிக் கடிதம் தருவாங்க. இன்சூரன்ஸ் மலேசியாவுக்கும் செல்லுமா, விபத்துன்னா நம்ம கைக்காசு எவ்வளவு, ஓட்டப்போற எல்லார் பேரும் அதுல இருக்கா, இந்த மூணும் எழுத்துல வரணும். "ஓகே ப்ரோ"ன்னு வர்ற மெசேஜ் எழுத்து ஆகாது.

போன வருஷம் ஒருத்தர் தன் சொந்தக் காரை பாதி வாடகைக்குத் தர்றேன்னார். "செக்பாயிண்ட்ல கேட்டா ஃப்ரெண்ட் வண்டின்னு சொல்லிக்கோங்க"ன்னும் சொன்னார். நாங்க வேண்டாம்னுட்டோம். நம்ம ஊர்ல வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடற அதே கதைதான். வாடகைக்குன்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கலாம். சாமி கும்பிடப் போறப்ப அம்மா அப்பாவைப் பின்சீட்டுல வச்சுக்கிட்டு அதிகாரிகிட்ட பொய் சொல்றது எனக்குச் சரியாப் படல.

அடுத்தது வி.இ.பி. மலேசியாவுக்குள்ள நுழையற சிங்கப்பூர் கார்ல இந்த டேக் ஒட்டியிருக்கணும். 2025 ஜூலை 1 முதல் இல்லன்னா 300 ரிங்கிட் அபராதம். கார் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் பதிவு பண்ணணும், நாம பண்ண முடியாது. சாவி வாங்கும்போதே டேக் இருக்கான்னு பாருங்க. ஒரு தடவை நுழைய சாலைக் கட்டணம் 20 ரிங்கிட். அதையும் டோலையும் டச் அண்ட் கோ கார்டுல கட்டலாம், அதனால முன்னாடியே பணம் போட்டு வைங்க.

பெட்ரோல் விஷயம் பலருக்குத் தெரியாது. சிங்கப்பூர் காரா இருந்தா டேங்க்ல முக்கால்வாசி நிரம்பியிருந்தாதான் பாலம் தாண்ட விடுவாங்க. இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க, அபராதமும் உண்டு. அந்தப் பக்கம் மலிவா போட்டுக்கலாம்ங்கிற கணக்கை உடைக்கத்தான் இந்தச் சட்டம். அங்கேயும் மானிய விலை ரான் 95 வெளிநாட்டு வண்டிக்குக் கிடையாது, ரான் 97 போடுங்க.

லைசென்ஸ் பத்தி: சிங்கப்பூர் லைசென்ஸ் மலேசியாவுல செல்லும், 1985 ஆசியான் ஒப்பந்தம் அப்படி. இந்திய பாஸ்போர்ட்ல வர்ற அம்மா அப்பாவுக்கு மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை நுழையறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல நிரப்பிடுங்க.

ஜோகூர்லேர்ந்து கோலாலம்பூர் சுமார் 330 கிலோமீட்டர். நம்ம ஊர் மாதிரியே இடதுபக்கம்தான் ஓட்டணும். வண்டி எங்கயாவது இடிச்சா 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல புகார் பதியணும். அதுக்கு முன்னாடி யார்கிட்டயும் கைக்காசு கொடுத்து முடிச்சிடாதீங்க, பிறகு இன்சூரன்ஸ் கேக்கறப்ப தகராறு வரும்.

தைப்பூசத்துக்கு சிங்கப்பூர்ல அரசு விடுமுறை இல்ல, ஆனா ஜோகூர், சிலாங்கூர், கோலாலம்பூர்ல உண்டு. ரோடு நெரிசலை யோசிச்சுக்கோங்க. கோயில் பக்கம் காரைக் கொண்டுபோக முயற்சியே வேண்டாம். கோலாலம்பூர்ல ஹோட்டல்லயே நிறுத்திட்டு, கே.எல். சென்ட்ரல்லேர்ந்து ரயில் பிடிங்க. பத்துமலை ஸ்டேஷன் கோயிலை ஒட்டியே இருக்கு, வயசானவங்களும் மெதுவா நடந்துடலாம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!