துறை அறையின் காற்றை அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கொரோனாவுக்குப் பிறகு பல கல்லூரிகளில் ஸ்மார்ட் போர்டு வந்தது, முகம் பார்த்து வருகை பதியும் கருவி வந்தது, கருத்தரங்கக் கூடத்துக்கு ஏசியும் வந்தது. நோயைச் சுமந்த காற்றின் பக்கம் மட்டும் பெரும்பாலும் யார் பார்வையும் போகவில்லை. புதிதாகத் துறைத்தலைவர் ஆனவர் முதலில் வாங்க வேண்டியது கார்பன் டை ஆக்சைடு மீட்டர்தான் என்பேன்.

எதை அளக்கிறோம்?

கிருமியை அல்ல. நாம் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 40,000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 40,000 பங்கு. வெளிக்காற்றில் சுமார் 420தான். அறைக்குள் எண் ஏற ஏற, அடுத்தவர் விட்ட மூச்சை நாம் கூடுதலாக இழுக்கிறோம் என்று பொருள்.

படி 1: பார்த்து வாங்குங்கள்

பெட்டியில் 'என்டிஐஆர்' என்று இருக்கிறதா பாருங்கள். அகச்சிவப்பு ஒளியால் நேரடியாக அளக்கும் முறை அது. மலிவான சில கருவிகள் வேறு வாயுக்களை உணர்ந்து, உத்தேசமாக ஓர் எண்ணைக் காட்டிவிடும். சானிடைசர் தடவிய கையை அருகில் கொண்டுபோங்கள். எண் எகிறிக் குதித்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

படி 2: இடம்

தலை உயரத்தில், ஜன்னலும் கதவும் ஏசிக் காற்றும் படாத சுவரில் வையுங்கள். ஆட்களிடமிருந்து அரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

படி 3: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்புத் துறை சொல்லும் அளவு இது: 800க்குக் கீழே நல்ல காற்றோட்டம், தொடர்ந்து 1,500ஐத் தாண்டினால் மோசம். துறைக் கூட்டம் நடக்கும்போது கட்டாயம் பாருங்கள். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே குளிரவைத்துச் சுற்றிவிடுகிறது. ஆகவே நம்மூரில் குளுகுளு அறைதான் பெரும்பாலும் முதலில் மாட்டும்.

ஏசி ஓடும்போதே ஒரு ஜன்னலை நாலு விரற்கடை திறந்து வையுங்கள். எதிர்ப்பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் இன்னும் நல்லது. மின்கட்டணம் கொஞ்சம் ஏறும், ஏறட்டும். காற்றுச் சுத்திகரிப்பான் இந்த எண்ணைக் குறைக்காது. அது பிடிப்பது பெரும்பாலும் துகள்களைத்தான். அதுவும் பயன்தான், ஆனால் வேறு வேலை.

படி 4: வைஃபையில் இணைக்கும் முன்

மீட்டரை ஃபேனோடு இணைத்து, 1,000ஐத் தொட்டதும் தானே ஓடும்படி செய்யலாம். ஆனால் பதிவாகும் எண்கள், அறையில் எப்போது ஆள் இருந்தார்கள் என்பதையும் காட்டிக்கொடுக்கும். 2022இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், ஆய்வு மாணவர்களின் மேசைக்கு அடியில், ஆள் இருப்பதைக் கண்டறியும் சென்சார்களைப் பொருத்தினார்கள். மாணவர்கள் அவற்றைக் கழற்றி எதிர்ப்புத் தெரிவிக்க, நிர்வாகம் பின்வாங்கியது.

எனவே எண் எல்லாருக்கும் தெரியும்படி இருக்கட்டும். வருகைப் பதிவுக்கோ விளக்கம் கேட்கவோ அதைப் பயன்படுத்தமாட்டோம் என்று துறைக் கூட்டத்தில் எழுத்தில் தீர்மானம் போட்ட பிறகே வைஃபை கடவுச்சொல்லைக் கொடுங்கள்.