பச்சைக் குழந்தையின் மேனியில் ஒரு செந்நிறக் கட்டி
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - விலங்கியல்)

முன்னுரை

என் அக்காள் குழந்தைக்கு மூன்றாம் வாரத்தில் தோளில் ஒரு சிவந்த புள்ளி தோன்றித் தடித்து வளர்ந்தது. "கெரகணத்தன்னைக்கி வெளிய எறங்கினியாட்டீ?" என்று ஆச்சி கேட்க, அக்காள் அழுதாள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் ஆகையால், விடை தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் கற்றதை இங்குத் தருகிறேன்.

கட்டியின் இயல்பு

இதன் பெயர் ஹெமாஞ்சியோமா. இரத்தக்குழாய்க் கட்டி எனலாம். இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் மிகுதியாகப் பெருகுவதால் உண்டாவது. நூற்றில் நான்கைந்து குழந்தைகளுக்கு வரக்கூடும். பெண் குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் மிகுதி. இது புற்றுநோயன்று, தொற்றுவதுமன்று. பிறக்கும்போது பெரும்பாலும் தெரியாது. முதல் சில மாதங்கள் விரைந்து வளர்ந்து, ஓராண்டையொட்டித் தானே வற்றத் தொடங்கும். பெரும்பாலானவை நான்கு வயதுக்குள் நன்கு சுருங்கிவிடும். சிலவற்றில் தழும்பு எஞ்சும்.

கிரகணத்துக்கு இதில் பங்கில்லை. 

எப்போது விரைய வேண்டும்?

கண்ணிமை, உதடு, மூக்கு, தாடை ஆகிய இடங்களில் வந்தாலும், புண்ணானாலும், ஐந்தோ அதற்கு மேலோ தோன்றினாலும் காத்திருத்தல் கூடாது. இமைக்கட்டி பார்வையைக் கெடுக்கும். தாடைப் பகுதியில் பரவுவது மூச்சுக்குழாயிலும் இருக்கக்கூடும். குழந்தையின் ஒரு மாத வயதுக்குள் மருத்துவரிடம் காட்டுவதே நன்று. நம் மாவட்டத்தார் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம்.

இதயத்துக்கான மருந்து

புரோப்பிரனலால் என்பது இதய நோய்க்கென 1960களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய மருந்து. பிரான்சின் போர்தோ நகரில், இதயக் கோளாறுக்காக இதனை உண்ட குழந்தையின் மூக்குக் கட்டி மறுநாளே நிறம் மாறி மென்மையானது. கிறிஸ்டீன் லெயோத்தே-லாப்ரேஸ் குழுவினர் இதனை 2008-இல் வெளியிட்டனர். இன்று மருந்து தேவைப்படும் கட்டிகளுக்கு இதுவே முதல் மருந்து. ஆனால் நாடித்துடிப்பையும் இரத்தச் சர்க்கரையையும் குறைக்கக்கூடியது; மருத்துவர் மேற்பார்வையிலன்றிக் கொடுத்தலாகாது.

முடிவுரை

மருவுக்குச் செய்வதுபோல் தலைமுடியால் கட்டுவதும், சுண்ணாம்பு தடவுவதும் பெருந்தீங்கு. இரத்தக்குழாய்கள் நிறைந்த கட்டியாதலால் குருதி பெருகும், புண் சீழ்பிடிக்கும். நண்பர்களே, உங்கள் தெருவில் இத்தகைய குழந்தையைக் கண்டால் இரண்டு சொற்கள் சொல்லுங்கள்: மருத்துவரிடம் காட்டுங்கள், தாயைப் பழிக்காதீர்கள்.