மட்டக்குதிரைக்கு ஆவணி அவசரம் ஆகாது

ஆரணியில் ஆவணி முகூர்த்தச் சேலைகளுக்காகத் தறிகள் ஓயாமல் ஓடும் ஆடி மாதத்தில்தான் சாரட்டுக் குதிரைகளுக்கு ஓய்வு. கல்யாணம் இல்லை, மாப்பிள்ளை அழைப்பு இல்லை. அதே ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடுகிறது. வீட்டில் இரண்டு மூன்று பெரிய குதிரை வைத்திருக்கும் தம்பிகள் அங்கே போய், துணைக்குத் துணையாச்சு, குழந்தைகள் சவாரிக்கும் ஆச்சு என்று ஒரு மட்டக்குதிரையை வாங்கி வண்டியேற்றி வருகிறீர்கள். நல்ல எண்ணம்தான். குதிரை கூட்டத்தில் வாழப் பிறந்தது. தனியே கட்டிப்போட்டால் மரத்தைக் கடிக்கும், நின்ற இடத்திலேயே அசைந்துகொண்டிருக்கும். பந்தயக் குதிரைக்குத் துணையாக மட்டக்குதிரையோ ஆடோ கட்டி வைப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். ஆனால் வந்த மறுநாளே புதியதைக் கூட்டத்தில் அவிழ்த்துவிட்டால் தாடை உடையும், கால் முறியும். இந்தத் தொழிலிலேயே நரைத்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

1. முதல் மூன்று வாரம் தனி இடம். இதில் மட்டும் சமரசமே வேண்டாம். பல மாநிலத்துக் குதிரைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே வாளியில் வாய் வைத்துவிட்டு வருகிற இடம் சந்தை. ஸ்ட்ராங்கிள்ஸ் என்று மருத்துவர் சொல்லும் தொண்டைக்கட்டி நோய் தொற்றி 3 முதல் 14 நாளுக்குள் வெளியே தெரியும். மூக்கில் சளி ஒழுகுவதற்கு முன்பே காய்ச்சல் வந்துவிடும். ஆகவே காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். புதியதற்கென்று தனி வாளி, தனி பிரஷ், தனிக் கயிறு. முதலில் பழைய குதிரைகளைக் கவனித்துவிட்டு, கடைசியில் புதியதிடம் போங்கள். வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இந்த மூன்று வாரத்துக்குள் இரத்தம் எடுத்துக் கிளாண்டர்ஸ் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஹரியானாவில் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம்தான் அதை உறுதி செய்யும் இடம். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும், உயிரையும் எடுக்கும். நோய் உறுதியானால் அந்தக் குதிரைக்கு வைத்தியம் கிடையாது. சட்டப்படி கொன்று புதைக்க வேண்டும். ஒரு மட்டக்குதிரையால் லாயமே காலியாகிவிடும். கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் சர்ரா நோய்க்கும் சேர்த்தே பார்த்துவிடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டதற்குச் சீட்டு இல்லையென்றால், போடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

2. ஆணா, பெட்டையா, காயடித்ததா என்று பாருங்கள். காயடிக்காத ஆண், உருவம் எவ்வளவு சிறிதானாலும் பெட்டைகள் இருக்கும் கூட்டத்தில் சண்டையைக் கிளப்பும். காயடித்த பிறகும் ஆறு வாரமாவது தள்ளியே வையுங்கள். சினைப்படுத்தும் சக்தி உடனே போய்விடாது. சிறிய பெட்டையைக் காயடிக்காத பெரிய குதிரையோடு விடவே கூடாது. பெரிய குட்டி உருவானால் ஈன முடியாமல் தாய் சாகவும் கூடும்.

3. அவிழ்த்துவிடும் இடத்தை நடந்து பாருங்கள். நம் பக்கம் விளிம்புச் சுவர் இல்லாத தரைக்கிணறு எத்தனை! துரத்தப்படும் குதிரைக்குக் கிணறு கண்ணில் படாது. முள்கம்பி வேலியும் அப்படித்தான். கூர் மூலை உள்ள கொட்டகையும் குறுகிய சந்தும் வேண்டாம். மாட்டிக்கொண்டால் உதை வாங்குவதைத் தவிர மட்டத்துக்கு வேறு வழி இருக்காது. வேலியின் கீழ்க்கம்பியையும் பாருங்கள். பெரிய குதிரையை நிறுத்தும் உயரத்தில் கட்டியிருந்தால், மட்டம் அடியில் நுழைந்து சாலைக்குப் போய்விடும்.

4. மூன்று வாரம் முடிந்ததும் வேலியை நடுவில் வைத்தே பழக்குங்கள். பக்கத்துப் பக்கத்து அடைப்பில் விட்டால் ஒன்றையொன்று பார்க்கும், மோந்து பார்க்கும், வீறிடும், முன்காலால் தட்டும். பயப்பட ஒன்றுமில்லை. மூக்கோடு மூக்கு வைத்துவிட்டுச் சாவகாசமாக மேயத் திரும்பும்வரை அப்படியே இருக்கட்டும். சில குதிரைக்கு மூன்று நாள் போதும், சிலதுக்குப் பத்து நாளும் போதாது.

5. பிறகு கூட்டத்தில் இருப்பதிலேயே சாதுவான ஒன்றை மட்டும் புதியதோடு சேர்த்து விடுங்கள். சில நாளில் இரண்டும் இணையாகிவிடும். அந்த இணையைத்தான் கூட்டத்துக்குள் விட வேண்டும். தனியாகப் போகும் மட்டம் எல்லோருக்கும் இலக்கு. தோழனோடு போனால் பாதித் தொல்லை குறையும்.

6. பெரிய குதிரைகளின் பின்னங்கால் லாடத்தைக் கழற்றிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். தார்ச் சாலையில் சாரட்டு இழுப்பதால் லாடம் இல்லாமல் முடியாது என்பீர்கள். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்றத்தானே போகிறீர்கள்? மட்டத்தைச் சேர்க்கும் நாட்களை அந்த இடைவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பெரிய குதிரை பெரிய குதிரையை உதைத்தால் அடி நெஞ்சிலோ தொடையிலோ விழும். அதே உதை, 40, 44 அங்குல மட்டத்துக்கு முகத்தில் விழும்.

இன்னொன்று. மேய விடும்போது முன்னங்காலில் தளை போடும் பழக்கம் நமக்கு உண்டு. புதியதைச் சேர்க்கும் நாட்களில் எந்தக் குதிரைக்கும் தளை வேண்டாம். ஓடித் தப்பிப்பதுதான் மட்டத்தின் ஒரே பாதுகாப்பு. தலைக்கயிற்றையும் கழற்றிவிடுங்கள், இன்னொரு குதிரையின் குளம்பு அதில் மாட்டலாம்.

7. சேர்க்கும் நாள் விடிகாலையாக இருக்கட்டும், எல்லாம் வயிறு நிறைந்திருக்கட்டும், பகல் முழுக்க நீங்கள் அங்கேயே இருங்கள். காதை மடக்குவது, பிட்டத்தைத் திருப்புவது, கொஞ்ச தூரம் துரத்துவது எல்லாம் அவர்களுடைய பேச்சு. நடுவில் புகுந்து கத்தாதீர்கள். உதை உங்களுக்கு விழும். துரத்தல் விடாமல் தொடர்ந்தாலோ, ஒன்று மண்டியிட்டுக் கழுத்தைக் கடித்தாலோ, மட்டம் வியர்த்து நடுங்கினாலோ பிரித்துவிட்டு மறுபடியும் வேலியிலிருந்து தொடங்குங்கள். முதல் வாரம் இரவில் பிரித்தே கட்டுங்கள்.

உருவம் சிறிதென்று அதற்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டாம். கூட்டத்தில் யார் மேல், யார் கீழ் என்பதை உயரம் மட்டும் முடிவு செய்வதில்லை. ஒரு மாதத்தில் மட்டமே அதிகாரம் செய்யும் லாயங்கள் உண்டு. நம் ஆரணி மண் பார்த்ததுதானே இது? ஆரணி ஜாகீர்தார்கள் மராத்தியர். 1751 டிசம்பரில் இங்கே ஆங்கிலேயப் படைத்தலைவர் கிளைவின் பக்கம் நின்று போரிட்டது மராத்தியக் குதிரைப்படை. அன்றைய மராத்தியர் நம்பியது பெரும்பாலும் உயரம் குறைந்த தக்காணத்துக் குதிரைகளைத்தான்.

8. தீவனத்தில்தான் மட்டத்தை அன்பால் கொல்கிறார்கள். சாரட்டுக் குதிரைக்கு வைக்கும் கொள்ளையும் தவிட்டையும் அதற்கும் வைத்தால், குளம்புக்குள் அழற்சி வந்து நிற்கக்கூட முடியாமல் போகும். 200 கிலோ மட்டத்துக்கு நாளைக்கு 3 முதல் 4 கிலோ உலர் புல் போதும். கொழுத்துவிட்டதென்று திடீரெனப் பட்டினி போடுவதும் ஆபத்து; உடல் கொழுப்பு இரத்தத்தில் கலந்து ஈரலைக் கெடுக்கும். வேர்க்கடலைக் கொடி நம் மாவட்டத்தில் மலிவு, ஆனால் பூஞ்சை பிடித்த கட்டை எந்தக் குதிரைக்கும் காட்டாதீர்கள். மேய்ச்சல் இடத்தில் புல்லைப் போடும்போது குதிரைகளின் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு குவியல் கூடுதலாக, எட்டி எட்டிப் போடுங்கள். கொள்ளு வைக்கும் நேரத்தில் மட்டத்தைத் தனியே கட்டுங்கள்.

9. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு மட்டத்துக்கு எட்டுகிறதா பாருங்கள். இன்னொரு தாழ்ந்த தொட்டி, வேறு மூலையில், அவசியம்.

10. ஒன்றின் பிடரியை மற்றொன்று பல்லால் கோதிவிடுகிறது, மட்டம் மற்றவற்றின் நடுவே பகலில் படுத்துத் தூங்குகிறது என்றால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். பயம் உள்ள குதிரை படுக்காது. கூட்டம் ஏற்கவே இல்லையென்றால் அந்தச் சாதுவான தோழனோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் நல்ல வாழ்க்கைதான், தோல்வி இல்லை.

11. ஆடியில் வாங்கினால் ஆவணி தனிமைக்கும் வேலிப் பழக்கத்துக்கும் போய்விடும். புரட்டாசியில் கல்யாணம் இல்லை. கூட்டத்தில் சேர்க்க அதைவிட நல்ல மாதம் கிடையாது. ஆகவே ஆவணி முகூர்த்தத்துக்கு முன்பணம் வாங்கும்போது மட்டக்குதிரையைச் சொல்லி வாங்காதீர்கள். ஐப்பசியிலிருந்து கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.